புதுப்பிப்பு: அப்பாவின் கல்லீரல் புற்றுநோய், நாலாவது ஊசிக்குப் பிறகு

இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய், அடிசோலிசுமாப் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து), பெவசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் மருந்து) இரண்டும் 21 நாளுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏறுகிறது, முதல் ஊசியிலேயே அரிப்பு, அசதி, இது வழக்கம்தானா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அரிப்பு மாத்திரையிலும் களிம்பிலும் அடங்கிவிட்டது. அசதிதான் எங்களை ஏமாற்றியது. மத்தியான வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாவோடு நடுங்குவார். கோத்தகிரிக் குளிர் என்றே நினைத்தோம். நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துப் பனியில் நின்ற மனுஷனுக்குத் திடீரென்று ஏது குளிர்? ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு மந்தமானால் ஏறும் அளவு) 38, ரொம்ப அதிகம். மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, ஊசியை நிறுத்தவில்லை. ஒரே மாதத்தில் குல்லா ஆணிக்குப் போய்விட்டது.

பெவசிசுமாப் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரில் புரதம் இறங்கும். வீட்டிலேயே தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுகிறோம்.

கீழாநெல்லி கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: டாக்டர் வேண்டாம் என்றார். ஈரல் என்சைம் ஏறினால் ஊசியாலா மூலிகையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

ஸ்கேனில் 5.2 செ.மீ. கட்டி 3.6 ஆகியிருக்கிறது. ஏஎஃப்பி (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் புற்றுக் குறியீடு) 1,840லிருந்து 290. இந்தச் சிகிச்சையில் பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் கட்டி இப்படிச் சுருங்கும் என்று படித்திருந்தேன். கோவையிலிருந்து திரும்பும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் முழுக்க, அம்மா ரிப்போர்ட் கவரை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஐந்தாவது ஊசி.