மின்தடைக்குப் பிறகு சூரிகாட்டா பிஎஃப்_ரிங்குடன் இயங்க மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி (கிருஷ்ணகிரி)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியை அடுத்துள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணினிகளையும் நெட்வொர்க்கையும் நான் கவனித்து வருகிறேன். அலுவலகம், எடைமேடை, குளிர்பதனக் கிடங்கு, கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில்தான் வந்து சேர்கின்றன. ஊடுருவல் முயற்சிகளைக் கண்டறிவதற்காக டெபியன் 12 சர்வர் ஒன்றில் சூரிகாட்டா 7-ஐ நிறுவியிருக்கிறேன். மிரர் போர்ட்டிலிருந்து (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை ஸ்விட்ச் நகலெடுத்து அனுப்பும் போர்ட்) வரும் பேக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, என்டாப் குழுவினரின் பிஎஃப்_ரிங் என்ற மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து அதனுடன் இணைத்தேன். மூன்று வாரங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நேற்று முன்தினம் இரவு மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்துவிட்டதால் சர்வர் அணைந்துவிட்டது. காலையில் இயக்கினால், நெட்வொர்க் இடைமுகத்தைத் திறக்க முடியவில்லை என்றும், அந்த இடைமுகம் இருக்கிறதா, பிஎஃப்_ரிங் மாட்யூல் (கெர்னல் எனும் இயங்குதள மையத்தில் செருகப்படும் துணைநிரல்) ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்குமாறும் சொல்லிவிட்டுச் சூரிகாட்டா நின்றுவிடுகிறது. இடைமுகம் இருக்கிறது. ஆனால் மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை கொடுத்தால், அப்படியொரு மாட்யூலே இல்லை என்று பதில் வருகிறது. நான் எந்தக் கோப்பையும் தொடவில்லை. மாங்காய் வரத்து உச்சத்தில் இருப்பதால் இரவெல்லாம் எடைமேடையில் லாரிகள் நிற்கின்றன. இந்த நேரத்தில் நெட்வொர்க்கைக் கண்காணிப்பின்றி விட்டுவைக்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

மறுமொழி (ஓசூர்)

வணக்கம் ஐயா. கோப்பு எதையும் நீங்கள் தொடவில்லை என்பது சரிதான். ஆனால் தானியங்கிப் புதுப்பிப்பு தொட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 'யூநேம்' கட்டளையை 'ஆர்' விருப்பத்துடன் கொடுத்து இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பைப் பாருங்கள். பிறகு, லிப் அடைவுக்குள் இருக்கும் மாட்யூல்ஸ் அடைவில் எத்தனை பதிப்புகள் உள்ளன, அவற்றில் எதற்குள் பிஎஃப்_ரிங் கோப்பு கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கையால் தொகுத்த மாட்யூல், தொகுத்த அன்று ஓடிய கெர்னலுக்கு மட்டுமே உரியது. புதிய கெர்னல் எப்போதோ வந்து இறங்கியிருந்தாலும், சர்வர் மறுபடி தொடங்கும்வரை பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். மின்தடை அந்த மறுதொடக்கத்தைச் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது அப்படியே சரி. இரண்டு கெர்னல்கள் இருக்கின்றன. மாட்யூல் பழையதன் அடைவில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நானே உட்கார்ந்து தொகுக்க வேண்டுமா?

மறுமொழி (ஓசூர்)

தேவையில்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானே தொகுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த வேலைக்குத்தான் இருக்கிறது. என்டாப் களஞ்சியத்தைச் சேர்த்து, பிஎஃப்_ரிங்கின் டிகேஎம்எஸ் பொதியை நிறுவுங்கள். அதோடு, குறிப்பிட்ட ஒரு பதிப்பின் கெர்னல் ஹெடர்களை (மாட்யூல் தொகுக்கத் தேவையான கோப்புகளை) மட்டும் போடாமல், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுப் பொதியையும் போட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் புதிய கெர்னல் வரும்போது அதற்குரிய ஹெடரும் கூடவே வந்து, மாட்யூல் தானாகத் தொகுக்கப்படும். ஹெடர் வராவிட்டால் டிகேஎம்எஸ் இருந்தும் பயனில்லை. பலர் இடறும் இடம் இதுதான்.

கேட்டவர்

நிறுவிவிட்டேன். தொகுப்பு நல்லபடியாக முடிந்தது. ஆனால் மோட்ப்ரோப் இப்போது, சாவி நிராகரிக்கப்பட்டது என்கிறது. பழைய மாட்யூலுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. மின்தடைக்குப் பிறகு சர்வரை இயக்கும்போது பயாஸையும் புதுப்பித்தேன். அதனால் செக்யூர் பூட் மறுபடி இயங்கத் தொடங்கியிருக்குமோ?

மறுமொழி (ஓசூர்)

அதுவேதான். செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான சாவிகளில் ஒன்றால் கையொப்பமிடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. டெபியன் 12-இல் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பகமான சாவிகளின் பட்டியலில் சேர்ப்பது மட்டுமே உங்கள் பங்கு. வார் அடைவின் லிப் உள்ளடைவில் டிகேஎம்எஸ் அடைவு இருக்கும், அதிலுள்ள 'மோக்.பப்' கோப்பை மோக்யூடில் கட்டளை மூலம் இறக்குமதி செய்து, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கெர்னல் எழுவதற்கு முன்பே ஒரு நீலத்திரை வரும். சாவியைச் சேர்க்கும் வரியை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்ய இயலாது. மானிட்டரையும் விசைப்பலகையையும் சர்வரிடம் கொண்டுபோய்ச் செருகிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

எடைமேடை அறையிலிருந்த மானிட்டரைத் தூக்கிச் சென்று செய்து முடித்தேன். மாட்யூல் ஏறிவிட்டது. ஆனால் சூரிகாட்டா, கெர்னலின் ரிங் பதிப்பு ஒன்று, நூலகம் தொகுக்கப்பட்ட பதிப்பு வேறொன்று என்று பிழை காட்டியது. யூஎஸ்ஆர்-லோக்கலில் நான் முன்பு தொகுத்து வைத்த பழைய நூலகம் அப்படியே கிடந்ததுதான் காரணம். அதை நீக்கி, நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டி, சூரிகாட்டாவைப் புதிய நூலகத்துடன் மறுபடி தொகுத்ததும் இயங்கத் தொடங்கியது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. புள்ளிவிவர லாகில் கெர்னல்_ட்ராப்ஸ் (கெர்னலில் தவறவிடப்பட்ட பேக்கெட்டுகள்) சுழியமாகவே நிற்கிறது. ஆனால் டிசிபி ரீஅசெம்ப்ளி_கேப் (இணைப்புகளைக் கோக்கும்போது தென்படும் விடுபடல்கள்) எண்ணிக்கை மாலை நேரங்களில் ஏறிக்கொண்டே போகிறது. பேக்கெட் எங்கே தொலைகிறது?

மறுமொழி (தருமபுரி)

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதே அமைப்பைப் பராமரிக்கிறேன் என்பதால் சொல்கிறேன். கெர்னலில் இழப்பில்லை, ஆனால் டிசிபி ஓட்டத்தில் ஓட்டை விழுகிறது என்றால், உங்கள் சர்வருக்கு வந்து சேருவதற்கு முன்பே பேக்கெட் தொலைகிறது என்று முதலில் ஐயுறுங்கள். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் போவது ஒரு ஜிகாபிட், வருவது ஒரு ஜிகாபிட். இரண்டு திசைகளையும் ஒரே ஜிகாபிட் மிரர் போர்ட்டில் திணித்தால், மிஞ்சுவதை ஸ்விட்ச் ஓசையில்லாமல் கொட்டிவிடும். நீங்களோ பல போர்ட்டுகளை மிரர் செய்கிறீர்கள், அதில் கேமராக்களும் உண்டு. சூரிகாட்டாவில் வடிகட்டி எழுதுவதால் இது தீராது. இழப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கேமரா போர்ட்டுகளை மிரர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மிரர் இடைமுகத்தில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் ஈதிடூல் கொண்டு அணைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அவை பேக்கெட்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தால் ஓட்டங்களைச் சரிவரக் கோக்க முடியாது.

இன்னொன்றையும் கேட்கிறேன்: உங்களுக்குப் பிஎஃப்_ரிங் கட்டாயம் தேவைதானா? அதன் ஜீரோ காப்பி (பேக்கெட்டை நகலெடுக்காமல் நேரடியாகத் தரும்) வகைக்கு உரிமமும், அது ஆதரிக்கும் கார்டும் வேண்டும். அது இல்லாத சாதாரண வகையால் ஒரு ஜிகாபிட் வேகத்தில் பெரிய ஆதாயம் இருப்பதாக என் அனுபவத்தில் தெரியவில்லை. பேக்கெட் பிடிக்கும் மற்றொரு வழியான ஏஎஃப்-பேக்கெட் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனி மாட்யூலும் வேண்டாம், சாவியும் வேண்டாம். சூரிகாட்டாவின் யாமல் அமைப்புக் கோப்பில் கிளஸ்டர் வகையைக் கிளஸ்டர்_ஃப்ளோ என்று வைத்து, டிபேக்கெட்-வி3-ஐ இயக்கி, ரிங் அளவை உயர்த்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

கேமரா போர்ட்டுகளை நீக்கிய அன்று மாலையே கேப் எண்ணிக்கை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஜிஆர்ஓ அணைக்கப்படாமல்தான் இருந்தது, அணைத்துவிட்டேன். நேற்று முழுவதும் ஏஎஃப்-பேக்கெட்டில் ஓட்டினேன். லாரி வரத்து மிகுந்த முன்னிரவிலும் கெர்னல்_ட்ராப்ஸ் சுழியத்தைத் தாண்டவில்லை. ஆகவே பிஎஃப்_ரிங்கை நீக்கிவிட்டேன். கேமராக்களுக்கு இப்போது கண்காணிப்பு இல்லை என்பதால், அவற்றைத் தனி விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்கில்) பிரித்து வெளியிணைப்பை அடைக்கும் வேலையை இன்று தொடங்குகிறேன். இரு ஊர் நண்பர்களுக்கும் மிக்க நன்றி.