வேறு நோய்க்கு வந்த ஆன்டிபாடி மருந்து உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ போட்டிருக்கிறார்களா? அனுபவம் சொல்லுங்கள்

நீலக்குடை:
அப்பாவுக்கு என்எம்ஓ, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் உடம்பே தாக்கிக்கொள்ளும் நோய். இரண்டாவது தடவை பார்வை மங்கியதும் லிம்போமாவுக்கு வந்த ரிட்டுக்ஸிமாப் என்று முடிவானது. மருத்துவர் விளக்கித்தான் சொன்னார், அதில் குறையில்லை. டிரிப் ஓடும்போது பெட்டியிலிருந்த காகிதத்தை அப்பா நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "லிம்போமான்னா கேன்சர்தானே, எங்கிட்ட மறைக்கிறீங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்துத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது, நர்ஸ் ஓடிவந்து டிரிப்பை நிறுத்தி ஒரு ஊசி போட்டு, அரிப்பு அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி விட்டார். முதல் டோஸில் இது சகஜமாம். இரண்டு நோயிலும் மருந்துக்குக் குறி பி செல் என்ற வெள்ளை அணுதான், அங்கே அது புற்றாகப் பெருகுகிறது, இங்கே பார்வை நரம்பைத் தாக்கும் ஆன்டிபாடி அதன் வழியாக வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். நம்பினாரா என்று இன்னமும் தெரியவில்லை.

மூட்டுவலிக்காரி:
எனக்கு நடந்தது தலைகீழ், என் மருந்து வேறு ஆட்களுக்குப் போனது. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் போட்டுக்கொண்டிருந்தேன். 2021இல் கொரோனாவுக்குப் பலன் தருகிறது என்று பிரிட்டனின் ரிகவரி ஆய்வு சொன்னதும் ஸ்டாக் இல்லை. "வந்ததெல்லாம் ஐசியூவுக்குப் போயிடுச்சும்மா" என்றார் நர்ஸ். அன்று காலையில்தான் தண்ணீர் பாட்டில் மூடியை விரலால் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது? ஆக்சிஜன் இறங்கி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 75ஐத் தொட்டவர்களிடம் 28 நாள் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31க்கு வந்தது. நூற்றுக்கு நாலு உயிர். நியாயம் புரிகிறது, எரிச்சல் மட்டும் போகவில்லை.

வழிப்போக்கன்77:
நீலக்குடை, அப்பாவிடம் சொன்னது சரிதான். ஆனால் குறி ஒன்று என்றால் எந்த நோய்க்கும் மாற்றிப் போடலாம் என்கிற மாதிரி தொனிக்கிறது, அதை ஏற்க முடியாது. டாக்லிசுமாப் மறந்துவிட்டதா? சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு வந்தது, 2016இல் எம்எஸ் என்ற நரம்பு நோய்க்கு அனுமதி வாங்கியது, மூளை அழற்சி வந்ததால் 2018இல் திரும்பப் பெற்றார்கள். அதே எம்எஸ்ஸுக்கு நடாலிசுமாப் 2004இல் வந்து, பிஎம்எல் என்ற மூளைத் தொற்று பயத்தில் மறு வருடமே நின்று, 2006இல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. என் அண்ணிக்கு அதுதான் ஏறுகிறது, அந்தத் தொற்றைத் தரும் ஜேசி வைரஸ் ரிசல்ட் வரும் வரை வீட்டில் ஒருவரும் சரியாகப் பேசுவதில்லை. சரி, ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும், மேல்புற ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் வேண்டும், பழைய தொற்று ஈரலில் ஒளிந்திருந்தால் விழித்துக்கொள்ளும். தடுப்பூசிகளை முன்னாலேயே முடித்துவிடுங்கள், பி செல் இல்லாத உடம்பில் ஊசி போட்டும் சரியாகப் பிடிக்காது. உயிருள்ள தடுப்பூசி பக்கமே போகாதீர்கள். ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி அளவையும் அவ்வப்போது கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீலக்குடை:
எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள் சகோ. எந்த நோய்க்கும் போடலாம் என்று நான் எங்கே சொன்னேன்?

இரவுப்பறவை:
எனக்கு மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய், மருந்து எக்குலிசுமாப். 2007இல் பிஎன்ஹெச் என்ற ரத்த நோய்க்கு வந்த மருந்து. கிருமியைக் கொல்ல உதவும் சி5 என்ற புரதத்தை அடைப்பதால், மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமி உள்ளே வந்தால் தடுக்க ஆளில்லை. ஒரு ராத்திரி ஜுரம், கழுத்து வேறு வலித்தது. அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் "வைரல்தான், பாராசிட்டமால் போதும்" என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார். இந்த ஆபத்தைச் சொல்லும் பாதுகாப்பு அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்து அவர் பேனாவுக்கு அடியிலேயே வைத்தேன். படித்தார், திருப்பினார், மறுபடி படித்தார், முகமே மாறிவிட்டது. ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கடைசியில் வைரல்தான்! ஆனால் அட்டை வீட்டில் கிடந்திருந்தால், வந்தது வைரலாகவும் இல்லாதிருந்தால் என்று யோசித்தால் தூக்கம் வராது.

வழிப்போக்கன்77:
மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி போட்டீர்களா? ஏசிடபிள்யூஒய், பி இரண்டு வகையும்?

இரவுப்பறவை:
இரண்டும் போட்டாச்சு. போட்டிருந்தாலும் வரலாம், அதற்குத்தானே அட்டை.