அம்மாவின் குளியலறையும் இரண்டு கவுன்சில்களும்

ஹாரோவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வெளியே வீடு வாங்கி வந்தோம். அங்கே குப்பை, பள்ளிக்கூடம், ரோடு எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சில். இங்கே குப்பையை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் என்ற சிறு கவுன்சில், எடுத்ததை அழிப்பது கவுண்டி என்ற பெரிய கவுன்சில். அம்மா விழும் வரை இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு 78 வயது. குளியல் தொட்டிக்குள் கால் வைக்கும்போது வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்டத்தில் ஷவர் போட வேண்டும். அதற்கு மானியம் இருக்கிறது, இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை. பணம் தருவது டிஸ்ட்ரிக்ட். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்து, தேவை என்று எழுதித் தருபவர் கவுண்டியின் ஆள். வந்தவர் நல்ல பெண்மணி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், அறிக்கையும் எழுதினார். அப்புறம் அது போய்ச் சேரவே இல்லை. ஒரு இடத்தில் ‘அனுப்பிவிட்டோம்’, மற்ற இடத்தில் ‘இன்னும் வரவில்லை’. ஏழு மாதம் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து ஜக்கில் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். யாரையும் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் விழுந்த தாளைத் தேடுவது யாருடைய வேலையாகவும் இல்லை.

அதனால் 2024 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கை என்ற திட்ட அறிவிப்பில், இங்கே போல இரண்டு கவுன்சில் உள்ள, மீதமுள்ள இரண்டடுக்குப் பகுதிகளையும் ஒரே கவுன்சில் கொண்ட ஒற்றை அடுக்காக்கப் போவதாக அரசு சொன்னபோது மனதார வரவேற்றேன். லண்டனுக்குத் தெற்கே உள்ள சர்ரேயில் ஒரு கவுண்டியும் 11 சிறு கவுன்சில்களும் போய், கிழக்கு, மேற்கு என இரண்டே என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு புதிய கவுன்சிலுக்குப் பெரும்பாலும் 5 லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்ற கணக்குதான் உறுத்துகிறது. கடைசியில் அம்மாவைப் பற்றிய அறிக்கையைத் தேடிப் பிடித்தவர் எங்கள் வார்டு கவுன்சிலர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அப்படி ஒருவர் இனி கிடைப்பாரா?

ஒரு வாசகரின் பதில்: அக்கா, நாங்கள் ஒற்றை அடுக்குக்கு மாறி முடித்தவர்கள். 2023 ஏப்ரல் 1 அன்று கம்பிரியா, வடக்கு யார்க்‌ஷயர், சாமர்செட் மூன்றும் மாறின. அதில் ஒன்றில்தான் இருக்கிறேன். பெயர்ப்பலகை அன்றே மாறியது, கணினி மாறவில்லை. ஒன்றரை வருடம் கழித்தும் போனில் ‘முன்பு எந்த டிஸ்ட்ரிக்ட்?’ என்று கேட்டார்கள். ஆனாலும் மாமாவுக்குப் படிக்கட்டு லிஃப்ட் போட்டபோது, பார்த்து எழுதியவரும் பணம் அனுமதித்தவரும் ஒரே குழு. பதினோரு வாரத்தில் வேலை முடிந்தது.

உங்கள் பயமும் சரிதான். பக்கத்துக் காலி நிலத்தில் கட்டடம் வருவதைப் பற்றிப் பேச, நான் இப்போது பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். ஆனால் எங்கள் ஊர் அளவிலான சின்ன டவுன் கவுன்சில் கலையவில்லை. இந்த மாற்றம் பாரிஷ் (கிராம அளவு), டவுன் கவுன்சில்களைத் தொடுவதில்லை. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அப்படி ஒன்று வேண்டும் என்று மனுப் போடலாம். 2,500க்கு மேல் வாக்காளர்கள் உள்ள பகுதியில் 7.5 சதவீதம் பேரின் கையெழுத்து போதும். அதை விசாரிக்கும் பொறுப்பு இப்போது உங்கள் டிஸ்ட்ரிக்ட்டிடம்தான் இருக்கிறது, அது கலைவதற்குள் போடுங்கள்.