மறு: மோதல் தடுப்பியா, தவிர்ப்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

விமானங்கள் வானில் மோதிக்கொள்ளாமல் இருக்க விமானியை எச்சரிக்கும் பெட்டிதான் டிகாஸ். அதற்கும் அது சார்ந்த சொற்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். விமானப் பராமரிப்பில் ஏவியானிக்ஸ், அதாவது மின்னணுக் கருவிகள் பக்கம் இருபது வருடம் ஓட்டியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டிகாஸ் என்பதற்கு ‘மோதல் தடுப்பு அமைப்பு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் தடுப்பது யார்? நம் ரயில்வேயின் ‘கவச்’ தெரியுமல்லவா, அதற்கும் முன்பு டிகாஸ் என்றுதான் பெயர். அங்கே முதல் எழுத்து ‘ட்ரெயின்’, விமானத்தில் ‘ட்ராஃபிக்’. ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காவிட்டால் கவச் தானே பிரேக் போடும். அதைத் தடுப்பி என்று தாராளமாகச் சொல்லலாம். விமானத்தில் இருக்கும் பெட்டி எதையும் தடுப்பதில்லை. காதில் சொல்லும், திரையில் காட்டும், அவ்வளவுதான். விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் விமானி. ஏர்பஸ் ஏ380 முதற்கொண்டு சில விமானங்களில் அந்தச் சொல்லைத் தானியங்கி ஓட்டியே நிறைவேற்றும் வசதி வந்திருக்கிறது. அங்கேகூடப் பெட்டியின் வேலை சொல்வது மட்டுமே. எனவே என் ஓட்டு ‘மோதல் தவிர்ப்பி’க்கு.

பெட்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் பெரிய கேடு வராது. எனக்குக் கவலை அது சொல்லும் இரண்டு சொற்களில்தான்.

முதலாவது, ‘ட்ராஃபிக் அட்வைசரி’. பக்கத்து விமானத்தோடு மிக நெருங்கப்போகும் கணத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 48 விநாடி முன்னால் வரும். ‘ட்ராஃபிக், ட்ராஃபிக்’ என்று குரல் கேட்கும், திரையில் அம்பர் நிற வட்டம் தோன்றும். அப்போது விமானி எதுவும் செய்யக் கூடாது, தேடிப் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். இதற்கு ‘அண்மை எச்சரிக்கை’ என்றார் ஒரு நண்பர். அழகான சொல், ஆனால் அந்தத் திரையில் ‘பக்கத்தில் இருக்கிறது, ஆபத்தில்லை’ என்று ஒரு தனி வகையே உண்டு. ‘அண்மை’யை அதற்கு விட்டுவைக்க வேண்டும். நான் ‘விழிப்பு’ என்கிறேன்.

இரண்டாவது, ‘ரெசொல்யூஷன் அட்வைசரி’. 15 முதல் 35 விநாடி இருக்கும்போது, ஏறு, இறங்கு என்று விமானி செய்ய வேண்டியதைச் சொல்லி வருவது. இதை ‘தீர்மான ஆலோசனை’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். தீர்மானம் மன்றத்தில் போடுவது. அதைக்கூட மன்னித்துவிடலாம், ‘ஆலோசனை’யை மன்னிக்க மாட்டேன்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே ரஷ்யப் பயணி விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் மோதி 71 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டிகாஸ் இருந்தது, இரண்டும் வேலை செய்தன. ரஷ்ய விமானத்துக்குப் பெட்டி ‘ஏறு’ என்றது, தரைக் கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார். விமானிகள் இறங்கினார்கள். சரக்கு விமானமோ தன் பெட்டி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கருவி பற்றிய விதிகளும் கையேடுகளும் முழுமையில்லாமல், சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன என்றது விசாரணை அறிக்கை. அதன் பிறகு விதி தெளிவாகிவிட்டது: பெட்டியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் பெட்டி சொல்வதுதான். ஆங்கிலத்தில் ‘அட்வைசரி’ என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் புதிதாகத் தொடங்கும் நாம் ஏன் ‘ஆலோசனை’யைத் தூக்கிச் சுமக்க வேண்டும்? அது ஆணை.

> அப்படியானால் ‘விலக்காணை’ அல்லது ‘ஒதுங்காணை’ எப்படி?

தமிழாசிரியர் அம்மா சொன்ன இரண்டும் காதுக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் ‘விலக்கு’ என்றால் இன்று வரிவிலக்கும் மதுவிலக்கும்தான் நினைவுக்கு வரும். ‘ஒதுங்கு’ என்றால் பேருந்து வரும்போது சாலையோரம் நகர்வதுபோல் இடமோ வலமோ போவது. டிகாஸ் ஒருநாளும் இடம், வலம் என்று சொல்லாது. ஏறு, இறங்கு, மட்டமாகப் பற, ஏறாதே, இறங்காதே என்ற வகையிலேயே பேசும்.

காரணத்தை விமானத்தின் முதுகில் பார்க்கலாம். அங்கே தட்டையாக ஓர் ஆன்டெனா உட்கார்ந்திருக்கும். அதற்கு நான்கு கோஆக்ஸ் கேபிள்கள். மஞ்சள், கறுப்பு, நீலம், சிவப்பு என்று நிறக்குறி போட்டிருக்கும். நான்கிலும் வரும் அலைகளின் சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் எதிர் விமானம் எந்தத் திசை என்று பெட்டி கணிக்கிறது. கண்ணை ஓட்டித் தேட அது போதும், அதை நம்பித் திரும்ப முடியாது. தூரம் அப்படியல்ல, பெட்டி கேட்கும் கேள்விக்கு எதிர் விமானத்திலிருந்து பதில் வர எடுக்கும் நேரத்திலிருந்து துல்லியமாகக் கிடைக்கும். உயரத்தை எதிர் விமானமே சொல்லிவிடும். ஆகவே உயரத்தில் மட்டும் ஆணை. பயிற்சிக் காலத்தில் ஒரு விமானத்தில் இரண்டு கேபிள் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடிக்க ஓர் இரவு முழுக்கப் போனது. நிறக்குறியின் மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள்!

சரி, என் பரிந்துரை: ‘உயர ஆணை’.

கூடவே ‘ட்ரான்ஸ்பாண்டர்’, எதிர் விமானத்திலிருந்து அந்தப் பதிலை அனுப்பும் கருவி. ‘பதிலி’ வேண்டாம், அது ஆள் மாற்று. இந்தக் கருவியின் முக்கிய வேலை கேட்டதற்குச் சொல்வது. 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி, 1090-இல் விடை. இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்தோமே, இது சுத்தமான அறியாவினா. எனவே ‘விடைக்கருவி’ போதும். யார் கேட்டாலும் சொல்லிவிடும் என்பதுதான் எங்கள் தலைவலி. தரையில் நிற்கும் விமானத்தில் சோதனைப் பெட்டியை மாட்டி, 10,000 அடியில் பறப்பதாகப் போலி உயரம் கொடுத்துப் பார்ப்போம். அந்த நேரம் ஆன்டெனாவை மூடாமல் விட்டால், மேலே உண்மையிலேயே அந்த உயரத்தில் போகும் விமானத்தின் டிகாஸ் இதைக் கேட்டு, இல்லாத ஆபத்துக்கு ஆணை போட்டுவிடக்கூடும். பராமரிப்புக் கையேட்டில் தடித்த எழுத்தில் வரும் எச்சரிக்கை இது. தமிழில் எழுதும்போது ‘பாவனை உயரம்’ என்று மென்மையாகச் சொல்லாமல் ‘போலி உயரம்’ என்றே போடுங்கள்.

ஆன்டெனாவுக்குச் சொல்லும் ‘அலைவாங்கி’ பற்றியும் ஒரு முணுமுணுப்பு உண்டு. இந்த ஆன்டெனா வாங்குவதோடு நிற்பதில்லை, கொடுக்கவும் செய்கிறது. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

———

ஐயா, வணக்கம்.

‘ஒதுங்காணை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘உயர ஆணை’யிலும் ஒரு முள் இருக்கிறது. ‘உயர’ என்பது வினையெச்சமும்கூட. ‘உயர ஆணை வந்தது’ என்று படிக்கும் பிள்ளை, மேலே ஏறச் சொல்லி ஆணை என்றுதானே எடுத்துக்கொள்ளும்? பெட்டி ‘இறங்கு’ என்று சொல்லும் நேரத்தில் இப்படிப் புரிந்தால் என்ன ஆவது? ‘மட்ட ஆணை’ என்று யோசித்தேன், வீட்டில் சிரித்துவிட்டார்கள்.

‘விழிப்பு’க்கு அம்பர் வட்டம் என்றீர்கள். இந்த ஆணை வரும்போது திரையில் என்ன நிறம்?

———

அம்மா,

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதே சிக்கல் ஆங்கிலத்திலும் நடந்தது. ‘அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட்’ என்று ஒரு குரல் இருந்தது. ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறை என்று பொருள். சில விமானிகள் அவசரத்தில் நேர்மாறாகச் செய்துவிட்டார்கள். மென்பொருளின் 7.1 பதிப்பில் அதை எடுத்துவிட்டு ‘லெவல் ஆஃப்’ என்று மாற்றினார்கள். ஆகவே ‘உயர ஆணை’யை நானே அடித்துவிடுகிறேன்.

நிறம் சிவப்பு. எதிர் விமானம் சிவப்புச் சதுரமாகும். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவியில் போகக் கூடாத பகுதி சிவப்பாகவும், போக வேண்டிய பகுதி பச்சையாகவும் தெரியும்.

———

ஐயா, அப்படியென்றால் ‘செவ்வாணை’. செம்மையும் ஆணையும் சேர்ந்தது, செவ்வாம்பல் போல. செங்குத்தின் ‘செம்’மும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

———

செவ்வாணை! ‘விழிப்பு வந்தது, பின்னாலேயே செவ்வாணை வந்தது’ என்று நாலு முறை சொல்லிப் பார்த்தேன், இடறவில்லை. பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஆன்டெனா இன்னும் பாக்கி, ‘கொம்பு’ என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். இது தட்டை.