புதுப்பிப்பு: யோகட் கப்பில் ஊத்த முதலே இறுகிற பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்

யோகட் கப்பை அச்சா வச்சு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் (தண்ணியில் கலக்கினால் இறுகிற வெள்ளை மாவு) வார்க்கிறன். கிளிநொச்சி வெக்கையில் அது கலக்கிற வாளிக்குள்ளேயே இறுகுது, வார்ப்பில் ஊசித்துளையும் விழுது எண்டு கேட்டிருந்தன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

பலிச்சது "வாளியைச் சுத்தமாக் கழுவுங்கோ" எண்ட யோசனைதான். ஒட்டியிருக்கிற பழைய துணுக்கே புதுப் படிகங்களுக்கு விதை, அதாலதான் அந்த வேகம். இப்ப ரப்பர் கிண்ணம். காய்ஞ்சபிறகு கிண்ணத்தை நசுக்கினால் ஒட்டினதெல்லாம் உதிர்ந்திடும். உவர்க் கிணத்துத் தண்ணியும் இறுகலைக் கெதிப்படுத்தும், மழைத்தண்ணி நல்லது.

100 கிராம் பிளாஸ்டர் மாவுக்கு 65 மில்லிலீட்டர் தண்ணி. மாவைத்தான் தண்ணிக்குள்ள தூவவேணும், மறுவளமா இல்லை. ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவாக் கலக்குங்கோ. அடிச்சுக் கலக்கினால் காத்து ஏறும். கப்பின்ர ஒரு ஓரத்தால் ஊத்தி, மேசையில் தட்டினால் துளை இல்லை.

எதிர்பாராதது: யோகட் கப் கழட்டேக்க வெடிக்குது. மாஜரின் டப்பா வளைஞ்சு குடுக்குது. இறுகேக்க பிளாஸ்டர் சூடாகும், அந்தச் சூடு ஆறினபிறகு கழட்டுங்கோ.