பெட்டி பிரிக்காத தரை துடைக்கும் ரோபோ: திருப்பிக் கொடுப்பதா, விற்பதா, வைத்துக்கொள்வதா?

செங்காங்வாசி (கேள்வி):

சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சியில் கூட்டித் துடைக்கும் ரோபோ ஒன்றை ஆசைக்கு வாங்கியாகிவிட்டது. விலை 899 வெள்ளி (டாலர்), கடன் அட்டையில் 12 மாத வட்டியில்லாத் தவணை. துணியைத் தானே அலசிக் காயவைக்கும் நிலையமும் உண்டு. பெட்டியின் முத்திரை பிரிக்கவில்லை. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, நாலு பேர், பூனை நாய் கிடையாது.

பிடிக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்க வழி உண்டா? இல்லையென்றால் அப்படியே விற்பதா, பிரித்துப் பயன்படுத்துவதா? பிரிக்காமலே எதையெல்லாம் சரிபார்க்கலாம்?

ரசீதுப்பெட்டி:

மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. ரசீதில் அச்சிட்டிருப்பதுதான் பேச்சு. 5 நாள் ரத்து உரிமை என்று சிலர் சொல்வார்கள். அது கதவைத் தட்டி விற்பது போல, நாம் கூப்பிடாமல் வந்து விற்கும் நேரடி விற்பனைக்கானது. நாமாகக் கண்காட்சிக்குப் போய் வாங்கியதை அதில் சேர்க்க முடியாது.

லெமன் சட்டம் 2012 செப்டம்பரில் வந்தது. பழுதுக்கு மட்டுமே உதவும். பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது சரிப்படாவிட்டால்தான் விலைக்குறைப்பு அல்லது பணம்.

விற்பவர் தவறான தகவல் சொல்லியிருந்தால் கதை வேறு. "4 சென்டிமீட்டர் படி ஏறும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் பெட்டியில் 2 என்று போட்டிருந்தால், அதைப் படமெடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், 2 ஆண்டுக்குள் போகவேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை.

எதுவும் இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் பணம் என்று ஆரம்பிக்காமல், அதே கடையில் வேறு பொருளாக மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். முத்திரை பிரிக்காமல், இலவசமாகத் தந்த பொருளோடும் பற்றுச்சீட்டோடும் போனால் இணங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

தவணையைப் பற்றி ஒன்று. வங்கி கடைக்கு முழுப் பணத்தையும் கட்டியாகிவிட்டது. பொருளை விற்றாலும் தவணை நிற்காது, இடையில் முடித்தால் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. விற்ற காசைச் செலவழித்துவிட்டு அட்டையில் ஒரு மாதம் தவறினால் வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காசைத் தனியே வைத்துவிடுங்கள்.

அளவுநாடா:

பிரிக்காமலே முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம். இந்த வகை ரோபோ பெரும்பாலும் 35 சென்டிமீட்டர் அகலம், மேலே லேசர் கூம்பு இருந்தால் 10 சென்டிமீட்டர் உயரம். பெட்டியில் சரியான அளவு அச்சாகியிருக்கும். அந்த அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டித் தரையில் தள்ளிப் பாருங்கள். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், சாப்பாட்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவில். அட்டை நுழையாத இடத்தில் ரோபோவும் நுழையாது. மட்டாக நுழைந்தால் இன்னும் மோசம், உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு கத்தும்.

படிகளை அளக்கவேண்டும். சாதாரண மாடல் 2 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறும். சமையலறை வாசலில் பழைய ஓட்டின் மேல் புது ஓடு பதித்த வீடுகளில் இதுதான் முதல் தடங்கல். கழிவறைப் பள்ளத்தில் விழாது. அடியில் பள்ளம் உணரும் கருவி உண்டு. ஆனால் அதே கருவி கறுப்புத் தரைவிரிப்பையும் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும்.

நிலையத்தை எங்கே வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம், 50 ஆழம் ஒதுக்குங்கள். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி எடுக்க இடம், முன்னால் ஒரு மீட்டராவது வெற்றுத் தரை. வெடிகுண்டுப் புகலிட அறைக்குள் வைக்கலாமா என்று கேட்பார்கள். கனத்த கான்கிரீட் சுவர் வைஃபையைத் தின்றுவிடும், வாசற்படியும் உயரமாக இருக்கலாம். வேண்டாம்.

பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டரில் இணைப்பு தடுமாறினால் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுங்கள்.

பழைய சிம்லிம்:

பெட்டியின் ஒட்டுத்தாளையும் படியுங்கள். உள்ளூர் முகவரின் பெயர், முகவரி, உத்தரவாத விவரம் இருக்கவேண்டும். சீனச் சந்தைக்கான பொருளை இங்கே கொண்டுவந்து மலிவாக விற்பதுண்டு. அதில் பிளக் மூன்று செவ்வகக் கால் இல்லாமல் தட்டைக் காலாக இருக்கும், செயலி சீன வட்டாரக் கணக்கை மட்டும் ஏற்கலாம், உள்ளூர்ப் பழுதுபார்ப்பு நிலையம் தொடவே மாட்டேன் என்னும். மின் அடாப்டருக்கு இங்கே பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் கட்டாயம். பெட்டியின் மேல் அவை இல்லையென்றால் பிரிக்காதீர்கள், நேரே கடைக்குப் போங்கள்.

தோபாயோ அக்கா:

தம்பி, நம்ம வீட்டுத் தரைக்கு வேற கணக்கு. இந்த இயந்திரத்தோட முதல் எதிரி தலைமுடி, ரெண்டாவது மல்லிகைச்சரத்து நாரு. நாரு உருளைத் தூரிகையோட ரெண்டு முனையிலும் போய்ச் சுத்திக்கும், வெளியே தெரியாது. இறுகிப்போனா தூரிகை நின்னுடும், மோட்டார் சூடாகும். வாரம் ஒரு தரம் முனை மூடியைக் கழட்டி வெட்டி எடுக்கணும்.

கோலப்பொடியையும் அரிசி மாவையும் உறிஞ்ச விடாதீங்க. மாவு ரொம்ப நைசா இருக்கறதால வடிகட்டி அடைச்சுக்கும், ஈரத்துணி பட்டா பசையாயிடும். வாசலையும் சாமி மாடத்து முன்னாடியும் செயலியில தடைப்பகுதியா வரைஞ்சுடுங்க. குத்துவிளக்குத் தண்டு மெல்லிசு, அது எப்பவும் தெரியும்னு நம்பி விட முடியாது. தாளிக்கிற எண்ணெய் படிஞ்ச அடுப்பங்கரைத் தரையை ஒரு தரம் கையால துடைச்சுட்டு அப்புறம் விடுங்க. இல்லன்னா அதே எண்ணெயைக் கூடத்துக்கும் பூசிட்டு வரும்.

தண்ணித் தொட்டியில டெட்டால், குளோராக்ஸ் எதுவும் ஊத்தக்கூடாது. நுரை பம்பைக் கெடுக்கும், ரப்பர் வளையம் காஞ்சு கசியும். அழுக்குத் தொட்டியை ஓடின அன்னிக்கே கொட்டிக் கழுவணும். இந்த ஊர் வெக்கைக்கு மறுநாளே வாடை வந்துடும். "தானே எல்லாம் செய்யும்"னு விளம்பரத்துல சொல்றதுல இது சேராது.

உதிரிச் செலவும் இருக்கு. தூசிப் பை ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, வடிகட்டியும் பக்கத் தூரிகையும் துணியும் மூணுலேருந்து ஆறு மாசம், உருளைத் தூரிகை ஆறுலேருந்து ஒரு வருஷம். பிரிக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு இதெல்லாம் இங்கே கடையில கிடைக்குதான்னு தேடிப் பாருங்க.

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒட்டுத்தாள் சரியாக இருக்கிறது, உள்ளூர் முகவர்தான். பெட்டியில் உயரம் 10.2 சென்டிமீட்டர். சோபாவுக்கு அடியில் 9, கட்டில்களுக்கு 16, சமையலறைப் படி 1.5. காலணி அலமாரிக்குப் பக்கத்தில் 45 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். மாற்றித் தரமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அளவுநாடா:

சோபா தவிர எல்லாம் பொருந்துகிறது. சோபாக் காலுக்கு 2 சென்டிமீட்டர் ரப்பர் கட்டை வைத்தால் அதுவும் தீர்ந்தது. வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதுப்பெட்டி:

அளவு பொருந்துவது வேறு, தேவைப்படுவது வேறு. தொட்டியைக் கொட்டிக் கழுவுவதற்கு நாலு பேரில் யார் என்று முதலில் முடிவாகட்டும். ஆள் இல்லையென்றால் இப்போதே விற்பது லாபம். பிரித்த நிமிடமே அது பழைய பொருள்.

பழைய சிம்லிம்:

விற்பதானால் அடுத்த 11.11 (நவம்பர் 11) இணையத் தள்ளுபடி வருவதற்கு முன்னால் விற்றுவிடுங்கள்; அந்த வாரத்தில் கடை விலையே இறங்கினால் உங்களுடையதை யாரும் சீண்டமாட்டார்கள். பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போனவற்றின் விலையைப் பாருங்கள். முத்திரை தெரியும்படி படம் எடுங்கள், வரிசை எண்ணில் பாதியை மறைத்துவிடுங்கள். ரசீது நகலைப் பேரும் அட்டை எண்ணும் அழித்துக் கொடுக்கவேண்டும், உத்தரவாதத்துக்கு வாங்குபவருக்கு அது தேவை. உத்தரவாதத்தை உங்கள் பேரில் பதிந்துவிடாதீர்கள்.

பெட்டி 15 கிலோ வரை இருக்கலாம், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கைமாற்றுங்கள். பேநவ் (கைப்பேசி எண்ணுக்கு உடனே பணம் அனுப்பும் வங்கி முறை) வழியாகப் பணம் வந்ததை உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள், வாங்குபவர் காட்டும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) நம்பவேண்டாம். "பணம் பெற இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று யாராவது அனுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு எந்த இணைப்பும் தேவையில்லை.