டைனோ மேடையில் சூப்பர்சார்ஜர் பிக்கப்: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

கோவை, டியூனிங் பட்டறையிலிருந்து

டைனோ என்பது சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு, எஞ்சினின் சக்தியை அளந்து தாளில் கோடாக வரைந்து தரும் மேடை. அதில் வண்டியை ஏற்ற வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எத்தனை ஹெச்பி வரும்?" என்றுதான். தாளின் மூலையில் அச்சாகும் அந்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. எண்ணுக்குப் போகும் வழியில் கோடு எங்கே நிமிர்கிறது, எங்கே தொய்கிறது என்பதில்தான் வண்டியின் முழு ஜாதகமும் இருக்கிறது. பொள்ளாச்சித் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்த பிக்கப்பை வைத்தே சொல்கிறேன்.

ஆஃப்ரோடு போட்டிக்கென்றே கட்டிய வண்டி அது. சாலையில் ஓட்டுவதில்லை, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். நான்கு லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், அதன்மேல் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஊதி. இதே வேலையைச் செய்யும் டர்போவைச் சுழற்றுவது புகைக்குழாயில் போகும் சூடான வாயு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட். அதனால் மிதித்த கணமே காற்று வந்துவிடும், காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதி இது. காருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

மேடையில் ஏற்றுவதே பாதி நாள் வேலை. சேற்று டயரின் கட்டைகள் உருளையில் சூடாகிப் பிய்ந்துவிடும் என்பதால் சாலை டயர் மாட்டினோம். எங்களுடையது இரண்டு சக்கர டைனோ, ஆகவே முன்சக்கர இணைப்பை விலக்கிப் பின்சக்கரங்களை மட்டும் உருளையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் ஆளுயர மின்விசிறியை வைத்தோம். கியர்பாக்ஸில் எஞ்சின் சுற்றும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாக இருக்கும் கியரில்தான் ஓட்ட வேண்டும். வேறு கியரில் எடுத்த தாளோடு ஒப்பிடவே கூடாது.

முதல் ஓட்டத்தில் பின்சக்கரத்தில் 228 ஹெச்பி. தோட்டக்காரருக்கு வாயெல்லாம் பல். எங்கள் டியூனர் அண்ணா மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பவர் கோட்டுக்குக் கீழே பூஸ்ட் கோடு, அதாவது ஊதி தரும் காற்றழுத்தத்தின் கோடு, 7 பிஎஸ்ஐ வரை ஏறி, 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் மெல்லச் சரிந்து ஐந்தரையில் நின்றது. ரூட்ஸ் ஊதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளும் இயந்திரம். அதன் பூஸ்ட் கோடு மேலே போய் ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்க வேண்டும். சரிகிறது என்றால் காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும், அல்லது ஊதி சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். அதே சரிவு.

அண்ணா பானெட்டுக்குள் குனிந்து, ஊதியின் புல்லிக்குப் பின்னால் விரலைத் தேய்த்துக் காட்டினார். மைபோலக் கறுப்பு ரப்பர் பொடி. பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. பூஸ்ட் கூட வேண்டும் என்று யாரோ சிறிய புல்லி மாட்டியிருந்தார்கள். புல்லி சிறுத்தால் ஊதி வேகமாகச் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் பெல்ட் பற்றிக்கொள்ளும் இடமும் சிறுத்துவிடும். பெல்ட்டை வெறுமனே முறுக்கி இறுக்கினால் பேரிங் போய்விடும். பீளமேட்டுப் பக்கம் தெரிந்த லேத் பட்டறையில் பெல்ட்டை அழுத்தித் திருப்பிவிடும் ஓர் ஐட்லர் உருளை கடைந்து வாங்கி, பெல்ட் புல்லியை இன்னும் அதிகம் சுற்றி வரும்படி வைத்தோம். இந்த மாதிரி வேலைக்குக் கோயமுத்தூரைப் போல வராது. காலையில் அளவு கொடுத்தால் சாயங்காலம் கையில் உருப்படி.

பூஸ்ட் கோடு நிமிர்ந்தது. உடனே அடுத்த சங்கதி தலைதூக்கியது. அடுத்தடுத்து ஓட்ட ஓட்ட பவர் குறைந்துகொண்டே வந்தது. காற்றை அழுத்தினால் சூடேறும். எஞ்சினுக்குள் போகும் காற்று தொடக்கத்தில் 40 டிகிரி, ஓட்டம் முடிகையில் 80-ஐத் தொட்டது. அந்தச் சூட்டில் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது, பவர் போய்விடுகிறது. அந்தக் காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரை இந்த வண்டியில் குளிர்விப்பது தண்ணீர். தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் ஓடுகிறது, ஆனால் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அசையவே இல்லை. குழாயில் காற்று அடைத்திருந்தது. வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் உள்ளே சுழற்சி தெரிந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டியூனிங் என்று ஆசையோடு சொல்லும் வேலைக்கே வந்தோம். எங்கள் டைனோவில் மின்காந்த பிரேக் உண்டு. எஞ்சினை 3,000 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்து நிறுத்திக்கொண்டு, பெட்ரோலையும் டைமிங்கையும் கட்டம் கட்டமாகத் திருத்தலாம். பூஸ்ட் முழுதாக இருக்கும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினொன்றரை பங்கு காற்று என்ற அளவில் வைத்தோம். பெட்ரோல் சற்றுத் தாராளமாக இருந்தால் உள்ளே குளிர்ச்சி. டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டும்போது டார்க், அதாவது முறுக்கு விசை, ஏறிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் கூட்டியும் ஏறாது. அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் கூட்டுவது பிஸ்டனை அடிப்பதற்குத்தான் உதவும். அண்ணா எஞ்சின் பிளாக்கில் மைக் மாட்டி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை எனக்கும் கேட்கக் கொடுத்தார். கொட்டாங்குச்சியில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம், அரை நொடிதான். பெட்ரோல் தாறுமாறாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும் சத்தம் அது. உடனே இரண்டு டிகிரி குறைத்தார்.

கடைசித் தாளில் 251 ஹெச்பி. தோட்டக்காரர் அதை வாங்கி மடித்துப் பையில் வைக்கப் போனார். நான் தடுத்து, பூஸ்ட் கோட்டையும் காற்றின் சூட்டையும் விரல் வைத்துக் காட்டித்தான் அனுப்பினேன்.

திருச்செங்கோடு, ரிக் வண்டி வைத்திருப்பவர்

கோவை அண்ணா மேலே சொன்ன சூடு விவகாரம் எங்களுக்குத் தினப்படி பாடு. எங்கள் போர்வெல் வண்டியில் இருப்பது ஸ்குரூ கம்ப்ரசர். இரண்டு திருகு உருளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு சுழன்று காற்றை உள்ளேயே நெருக்கும். பிக்கப்புகளுக்கு வரும் ட்வின் ஸ்குரூ சூப்பர்சார்ஜரும் அதே குடும்பம்தான். ரூட்ஸ் ஊதி உள்ளே அழுத்துவதில்லை, அள்ளித் தள்ளுவதோடு சரி. அழுத்தம் வெளியே, எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில்தான் உண்டாகிறது. அதனால் பூஸ்ட் கூடக் கூட, ஸ்குரூவைவிட ரூட்ஸில் சூடு அதிகம்.

எங்களுக்கு 300 பிஎஸ்ஐ என்பது சர்வசாதாரணம். உருளைகளின் மேலேயே எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கிறோம். எஞ்சினுக்குள் போகும் காற்றில் எண்ணெய் கலக்கக் கூடாது என்பதால் சூப்பர்சார்ஜரில் அந்த வசதி கிடையாது, இன்டர்கூலரைத்தான் நம்ப வேண்டும். ஆகவே எந்தப் பிக்கப் வந்தாலும் முதலில் தண்ணீர் ஓட்டத்தையும் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். துளை போடும் இடத்தில் ஒரே நாளில் ஃபில்டர் மாவுபோல அடைத்துவிடும். எங்கள் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

ஷார்ஜா, சொந்த ஊர் பெருந்துறை

நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ராம் டிஆர்எக்ஸ் வரும். 6.2 லிட்டர் வி8, 2.4 லிட்டர் ட்வின் ஸ்குரூ சூப்பர்சார்ஜர், கம்பெனி சொன்ன கணக்கு 702 ஹெச்பி. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி என்பதால் இரண்டு சக்கர உருளையில் ஏற்ற முடியாது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே நேராகப் பொருத்தும் டைனோவில் ஏற்றுகிறோம். டயர் வழுக்குமோ என்ற கவலை அதில் இல்லை.

702 என்பது கிராங்கில் அளந்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போகத்தான் டைனோவில் தெரியும். இது தெரியாமல் "என் வண்டியில் நூறு ஹெச்பி திருடு போய்விட்டது" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இங்கேயும் உண்டு. கோடையில் பகல் சூட்டில் ஏற்றினால் எண் இன்னும் குறையும். அதனால் நாங்கள் விடியற்காலையில்தான் ஏற்றுவோம்.

திருப்பூர், டீசல் பிக்கப் ஓட்டுபவர்

என்னுடையது இசுசு வி-கிராஸ், 1.9 லிட்டர் டர்போ டீசல், 163 குதிரைத்திறன் வண்டி. சூப்பர்சார்ஜர் இல்லாவிட்டாலும் பட்ட பாட்டைச் சொல்லத் தோன்றுகிறது. ஓரிடத்தில் கம்ப்யூட்டரைத் திருத்திக் கொடுத்து "நாற்பது ஹெச்பி ஏறியிருக்கிறது" என்று இரண்டு தாள்களை நீட்டினார்கள். ஒன்று மூன்றாவது கியரில் எடுத்தது, இன்னொன்று நான்காவது கியரில். ஏற்றம் எது, கியர் வித்தியாசம் எது என்று பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அந்த டியூனிங்கோடு சுமை ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் ஏறினேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பாதி வழியிலேயே முழுச் சக்தி வேண்டாம் என்று வண்டி தானே குறைத்துக்கொண்டது, பின்னால் கரும்புகை. டைனோவில் ஓர் ஓட்டம் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும். மலை ஏற அரைமணி நேரம் மிதித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறதே!

இப்போது கம்ப்யூட்டரில் திருத்தாத பழைய ஃபைலையே போட்டுவிட்டேன். அதைவிடச் சற்றே கூடுதலாக, சுமையோடு மலை ஏறத் தாங்கும்படி செய்ய முடியுமா அண்ணா?

மீண்டும் கோவையிலிருந்து

முடியும். டீசலில் பார்க்க வேண்டியது புகைக்குழாயின் சூடு. டர்போவுக்கு முன்னால் சென்ஸார் வைத்து, பிரேக்கில் எஞ்சினைப் பிடித்து, மலை ஏறுவதுபோலவே பல நிமிடம் சுமை கொடுத்துப் பார்த்து, சூடு ஓரிடத்தில் நின்றால்தான் அந்த டியூனிங்கைக் கையில் கொடுப்போம். எத்தனை கூடும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்ற வண்டியில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. பொள்ளாச்சி வண்டி சாலைக்கே வராதது, உங்களுடையது அப்படியல்ல. எஞ்சினை மாற்றுவது, புகை வடிகட்டியைக் கழற்றுவது போன்ற வேலைகளை நாங்கள் தொடமாட்டோம்.

வரும்போது அந்த இரண்டு தாள்களையும் கொண்டுவாருங்கள். டேங்கில் பாதி டீசல் இருக்கட்டும், டயரில் காற்று சரியாக இருக்கட்டும். திருத்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே நாளில், ஒரே கியரில், வண்டியை மேடையிலிருந்து இறக்காமலே எடுத்துக் காட்டுகிறேன்.